கொழும்பு ஓவல்: ஒரு சங்கம் நாட்டிற்களித்த மைதானம்

எமது சங்கத்தின் ஆண்டு மலரிலே விளையாட்டு மைதானம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கோயில் வரலாறும், சான்றோர் வரலாறும், ஊர் வரலாறும் எழுதுவது எமது வழக்கம். ஆயினும் ஒரு மைதானத்தின் கதை ஒரு சங்கத்தின் கதையாகவும், அச்சங்கத்தின் கதை ஒரு நாட்டின் இன்பதுன்பங்களின் கதையாகவும் அமையும்போது, வாலிபரும் பெரியோரும் ஒருங்கே இருந்து கேட்கத்தக்க வரலாறாக அது ஆகிவிடுகின்றது. கொழும்பு மாநகரில் பொரளைப் பகுதியிலே அமைந்துள்ள பைக்கியசோதி சரவணமுத்து விளையாட்டரங்கு அத்தகையது. பழைய பெயரால் அதனைக் 'கொழும்பு ஓவல்' என்பர், இக்காலத்தார் 'பி. சரா ஓவல்' என்று சுருக்கி அழைப்பர்.

மைதானமும் அளவும்

மேனாட்டார் விளையாட்டரங்கை 'ஸ்டேடியம்' என்கின்றனர். இச்சொல் கிரேக்க மொழியில் ஓர் அளவின் பெயராகவே வழங்கியது. 600 அடித் தூரத்தை அவர்கள் 'ஸ்தேடியன்' என்றனர். ஒலிம்பியா என்னும் தலத்தில் அவ்வளவு தூரம் ஓடுவதே முதன்மையான போட்டியாயிருந்தது. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 192 மீற்றர். நாளடைவில் தூரத்தின் பெயர் ஓட்டப் பந்தயத்துக்கு ஆயிற்று. பந்தயத்தின் பெயர் அது நடந்த இடத்துக்கு ஆயிற்று. சரியாக அளந்த நிலத்திலே, யாவர்க்கும் பொதுவான விதிக்குக் கட்டுப்பட்டு ஆடுவதே விளையாட்டென்பதை அச்சொல்லே எமக்கு உணர்த்துகின்றது. அளவு பிழைத்தால் என்னாகும் என்பதற்குக் கொழும்பு ஓவலிலேயே ஓர் உதாரணம் உண்டு. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

'ஓவல்' என்பது இலண்டன் நகரின் கெனிங்டன் பகுதியிலுள்ள புகழ்பெற்ற மைதானத்தின் பெயர். முட்டை வடிவம் என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அப்பெயரையே கொழும்பு மைதானத்துக்கும் இட்டனர்.

சங்கங்கள் தோன்றிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொழும்பில் கிரிக்கெட் ஆட்டம் வெள்ளையரின் பொழுதுபோக்காகவே தொடங்கிற்று. துரைமார் ஆட, ஏனையோர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தனர். பின்னர் இந்நாட்டு மக்களும் ஆடக் கற்றுக்கொண்டனர். வெள்ளையரின் கழகங்களில் இடமில்லாதபடியால் தத்தமக்கெனச் சங்கங்களை அமைத்தனர். 1872 இல் மலாயரின் கிரிக்கெட் கழகமும், 1896 இல் பறங்கியரின் பொழுதுபோக்குக் கழகமும் தோன்றின. 1899 ஆம் ஆண்டிலே சிங்களவரின் எஸ்.எஸ்.சி. கழகமும், தமிழரின் 'தமிழ் யூனியன் கிரிக்கெட், மெய்வல்லுநர் கழகமும்' ஒரே ஆண்டிற் பிறந்தன.

இச்சங்கங்கள் இனத்தின் பெயரால் எழுந்தவை. இக்காலத்தில் அது குறுகிய நோக்கமெனச் சிலர் எண்ணக்கூடும். அக்காலத்து நிலையை நோக்கின் அதன் நியாயம் புலனாகும். மூடிய கதவின் முன் நின்றவர்கள், தாம் கூடுவதற்கு ஒரு கூரையையும், ஆடுவதற்கு ஒரு வெளியையும் தேடிக்கொண்டார்கள். அதில் குற்றங் காண்பதற்கில்லை. தாம் தேடிய வெளியைப் பின்னர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைக் கொண்டே ஒரு சங்கத்தை மதிப்பிடல் வேண்டும்.

தமிழ் யூனியனின் பெயரிலேயே கிரிக்கெட்டுடன் மெய்வல்லுநர் விளையாட்டும் இணைந்திருப்பதைக் கவனிக்க. ஓட்டம், பாய்ச்சல் முதலிய உடற்பயிற்சிகளையும் ஒருங்கே கருதியே முன்னோர் அப்பெயரைச் சூட்டினர். ஹொக்கி, ரெனிஸ் ஆகியவற்றிலும் அச்சங்கத்தார் பெயர் பெற்றனர். ஒரே நிலம் பல ஆட்டங்களுக்குப் பயன்படல் வேண்டும், வெவ்வேறு திறமையுடைய வாலிபர் அனைவருக்கும் அங்கே இடமிருத்தல் வேண்டும் என்னும் கருத்து அன்றே வித்திடப்பட்டது.

பைக்கியசோதி சரவணமுத்து

வளர்ந்துவந்த சங்கத்துக்குத் தகுந்த ஒரு மைதானம் வேண்டியிருந்தது. அதற்காக முன்னின்று உழைத்தவர் பைக்கியசோதி சரவணமுத்து அவர்கள். இலங்கைச் சிவில் சேவையில் உயர்ந்த பதவிகளை வகித்து, தேயிலை, இறப்பர்க் கட்டுப்பாட்டு அதிகாரியாகக் கடமையாற்றியவர். அவருடைய உடன்பிறந்தாருள் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து 1937 இல் கொழும்பு மாநகரின் முதல் மேயராக விளங்கியவர். இரத்தினசோதியாரின் மனைவியார் நேசம் சரவணமுத்து அரசாங்க சபையில் அங்கம் வகித்த முதற் பெண்மணிகளுள் ஒருவர். இன்னொரு சகோதரரான மாணிக்கசோதி மலாயா நாட்டிற் பினாங்கில் பத்திரிகாசிரியராக இருந்தார். 1941 இறுதியில் ஆங்கிலேயர் பினாங்கை விட்டகன்றபோது கோட்டையில் எஞ்சிநின்ற பிரித்தானியக் கொடியை இறக்கியவர் அவரே. இங்ஙனம் பொதுப்பணியிற் சிறந்த குடும்பத்திலே தோன்றிய பைக்கியசோதியார், விளையாட்டையும் ஒரு பொதுப்பணியாகவே கருதினார்.

அவர் உழைப்பால் எழுந்த ஓவல் மைதானம் 1940களில் நாட்டின் முதன்மையான கிரிக்கெட் அரங்காயிற்று. பிறநாட்டார் வந்தால் ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான். 1948 ஆம் ஆண்டு இலங்கைக்கு சுதந்திரம் கிடைத்த ஆண்டு. இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை அமைந்ததும் அவ்வாண்டே. அச்சபையின் முதற் தலைவராகச் சரவணமுத்து அவர்களே தெரிவுசெய்யப்பட்டார். தமிழர் சங்கத்தின் தூணாக விளங்கியவர் நாடு முழுவதற்கும் பொதுவான சபையின் தலைமையை ஏற்றதும், அதனைப் பிற இனத்தார் மனமுவந்து ஏற்றுக்கொண்டதும் நாம் மறக்கக்கூடாதவை. அவர் 1950 இற் காலமானார். 1977 ஆம் ஆண்டு அவர் நினைவாக மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது.

பிராட்மன் வந்த நாள்

அக்காலத்தில் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்குமிடையே பயணஞ் செய்யும் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்திலே தங்கிச் செல்லும். 1882 இல் ஐவோ பிளை என்பாரின் இங்கிலாந்துக் குழு அவ்வாறு இறங்கி ஆடிச் சென்றது முதல், பெருங் குழுக்கள் இங்கே ஒரு நாள் ஆட்டம் ஆடிச் செல்வது வழக்கமாயிற்று. கப்பல் நிற்கும் சில மணி நேரமே எமது ஆட்டக்காரருக்குப் பள்ளிக்கூடம்.

1948 மார்ச் 27 ஆம் நாள் டொனால்ட் பிராட்மனும் அவருடைய அவுஸ்திரேலியக் குழுவினரும் ஓவல் மைதானத்தில் இறங்கினர். அவ்வாண்டு இங்கிலாந்து சென்று ஓர் ஆட்டத்திலும் தோல்வியுறாது திரும்பிய குழு அது. இலங்கைக் குழுவின் தலைவர் தமிழ் யூனியனைச் சேர்ந்த மகாதேவன் சதாசிவம். அன்று பிராட்மன் 20 ஓட்டங்களே எடுத்தார். மழை வந்து ஆட்டம் முடிவின்றி நின்றது.

அந்நாளில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. கிரிக்கெட் ஆடுகளத்தில் இருபுறத்து விக்கெட்டுகளுக்குமிடையே 22 கெஜம் இருத்தல் வேண்டும். நில அளவையாளரின் ஒரு சங்கிலித் தூரம் அது, அடிக்கணக்கில் 66. பந்துவீச்சாளர்க்கு ஏதோ மாறுபாடு தோன்றவே அளந்து பார்த்தார்கள். களம் 20 கெஜமே இருந்தது! உலகம் போற்றும் ஆட்டக்காரரை வரவேற்கத் தோரணமும் கொடியும் கட்டியாயிற்று. ஆனால் களத்தை அளந்தவர் கை தவறிவிட்டது. இதனைச் சொல்வது எவரையும் எள்ளுவதற்காக அன்று. விழா எடுக்கும் எந்தச் சங்கத்துக்கும் அது ஒரு பாடம். பந்தல் எவ்வளவு அழகாயிருப்பினும், கோடு கிழிப்பவன் கையில் உள்ள அளவுநாடாவே ஆட்டத்தின் நேர்மையைக் காப்பது.

சதாசிவம் என்னும் ஆட்டக்காரர்

சதாசிவம் ஓவலிலே வளர்ந்த பெரும் துடுப்பாட்டக்காரர். 1947 இல் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்தியக் குழுவுக்கெதிராக அவர் எடுத்த 215 ஓட்டங்களைச் சென்னையார் நெடுங்காலம் பேசினர். 1950 இல் பொதுநலவாயக் குழு வந்தபோது ஓவலில் 96 ஓட்டங்கள் எடுத்தார். அக்குழுவில் ஆடிய மேற்கிந்தியத் தீவுகளின் பிராங் வொரெல் அவர் திறமையை வியந்து போற்றினார். இலங்கைக்கு மாத்திரமன்றி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைமை வகித்து ஆடியவர் அவர். மைதானத்துக்குச் சரவணமுத்துவின் பெயர் சூட்டப்பெற்ற அதே 1977 இல் அவர் காலமானார்.

சென்னைக்கும் கொழும்புக்குமிடையே அக்காலத்தில் நெருங்கிய விளையாட்டு உறவு நிலவியது. 1953 இல் எம். ஜே. கோபாலன் பெயரால் ஒரு கிண்ணம் நிறுவப்பட்டு, சென்னைக் குழுவும் இலங்கைக் குழுவும் இரு நகரங்களிலும் ஆடிவந்தன. கோபாலன் இந்தியாவுக்காகக் கிரிக்கெட், ஹொக்கி ஆகிய இரண்டிலும் ஆடிய வீரர். டெஸ்ட் அந்தஸ்து இல்லாத அந்நாளில் இலங்கை வாலிபர் தம் வலிமையைச் சோதித்துப் பார்க்க இத்தகைய போட்டிகளே வழியாயிருந்தன.

முதலாவது டெஸ்ட் ஆட்டம்

1981 ஜூலையிலே சர்வதேசக் கிரிக்கெட் சபை இலங்கைக்கு டெஸ்ட் ஆடும் உரிமையை வழங்கிற்று. அவ்வுரிமையைப் பெற்ற எட்டாவது நாடு இலங்கை. முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை எங்கே நடத்துவது என்ற கேள்விக்கு விடையாய் அமைந்தது சரவணமுத்து அரங்கே. 1982 பெப்ரவரி 17 ஆம் நாள், பந்துல வர்ணபுரவின் தலைமையில் இலங்கையும் கீத் பிளெச்சரின் தலைமையில் இங்கிலாந்தும் அங்கே களமிறங்கின.

தொடக்கம் நல்லதாக அமையவில்லை. 34 ஓட்டங்களுக்குள் நான்கு விக்கெட்டுகள் விழுந்தன. அப்போது ரஞ்சன் மடுகல்லவும், பாடசாலை மாணவனான அர்ஜுன ரணதுங்கவும் சேர்ந்து நின்று 99 ஓட்டங்கள் சேர்த்தனர். அன்று ரணதுங்கவுக்கு வயது 18. இலங்கைக்காக டெஸ்ட் ஆட்டத்தில் முதலாவது அரைச்சதம் அடித்தவர் அம்மாணவரே. இலங்கை 218 ஓட்டங்கள் எடுத்தது, இங்கிலாந்து 223. பழம்பெரும் நாட்டுக்கும் புதுமுகத்துக்கும் இடையே வேறுபாடு ஐந்தே ஓட்டங்கள்.

இரண்டாம் முறை ஆடியபோது ரோய் டயஸ் 77 ஓட்டங்கள் எடுக்க, இலங்கை மூன்று விக்கெட்டுகளுக்கு 167 என்ற உயர்ந்த நிலையில் நின்றது. வெற்றிக் கனவு காண்பதற்கு இடமுண்டாயிற்று. ஆனால் ஜோன் எம்புரியின் சுழற்பந்துக்கு முன் எஞ்சிய ஏழு விக்கெட்டுகளும் எட்டே ஓட்டங்களிற் சாய்ந்தன. 175 உடன் ஆட்டம் முடிந்தது. இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது. தோற்றாலும், நாம் எவருக்கும் குறைந்தவர் அல்லர் என்ற நம்பிக்கையுடன் நாட்டவர் அன்று வீடு சென்றனர்.

1983: மைதானத்தைச் சுட்ட தீ

1983 ஏப்ரல் மாதத்திலே அவுஸ்திரேலியர் வந்து ஒருநாள் ஆட்டங்கள் ஆடினர். ஓவலில் இலங்கை அவர்களை வென்றது. தமிழர் சங்கத்தின் மைதானத்திலே எல்லா இனத்தாரும் கலந்திருந்து கைகொட்டி மகிழ்ந்தனர்.

அதன் பின் மூன்று திங்களே கழிந்தன. ஜூலை 23 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடந்த தாக்குதலில் 13 படைவீரர் கொல்லப்பட்டனர். அவர்களுடைய உடல்களை அடக்கஞ் செய்யக் கொழும்புக் கனத்தை மயானத்தில் மறுநாள் கூடிய கூட்டத்திலிருந்து கலவரம் மூண்டது. கனத்தை மயானம் பொரளையிலே உள்ளது. ஓவல் மைதானமும் பொரளையிலே உள்ளது. தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த அந்நாட்களிலே, தமிழ் யூனியன் சங்கத்தின் கட்டடமும் தீக்கிரையாயிற்று.

இதனை எழுதும்போது எமது கை தயங்குகின்றது. ஆயினும் வரலாறு எழுதுவோர் இன்பத்தை மாத்திரம் எழுதி, துன்பத்தை மறைத்தல் தகாது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எந்த மைதானத்தின் தலைவரை நாடு தன் கிரிக்கெட் சபைக்கு முதல்வராக்கிற்றோ, எந்த மைதானத்தில் ஓராண்டின் முன் நாட்டின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்ததோ, அங்கேயே தீ வைக்கப்பட்டது. சுட்ட கைகள் சிலருடையவை. ஆனால் அத்தீயினால் ஏற்பட்ட வெட்கம் நாட்டுக்கு உரியது.

அவ்வேளை தமிழ் யூனியன் அங்கத்தவர் முன் ஒரு கேள்வி நின்றிருத்தல் வேண்டும். கதவைச் சாத்திவிட்டுப் போவதா? எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அவ்வாண்டிலே கப்பலேறியும் விமானமேறியும் நாட்டைவிட்டுச் சென்றன. அவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. சங்கமோ கலையவில்லை, மைதானம் விற்கப்படவுமில்லை. புல் மீண்டும் வெட்டப்பட்டது. களம் மீண்டும் உருளையால் அழுத்தப்பட்டது. கோடுகள் மீண்டும் கிழிக்கப்பட்டன.

1985: அதே களத்தில் முதல் வெற்றி

தீ எரிந்து ஈராண்டுகள் கழிந்தபின், 1985 செப்டெம்பர் 6 ஆம் நாள் அதே மைதானத்தில் இலங்கையும் இந்தியாவும் டெஸ்ட் ஆட்டம் ஒன்றைத் தொடங்கின. இலங்கையின் தலைவர் துலீப் மெண்டிஸ். இந்தியாவின் தலைவர் கபில் தேவ். இலங்கை முதலில் 385 ஓட்டங்கள் எடுத்தது. விக்கெட் காப்பாளர் அமல் சில்வா 111 ஓட்டங்கள் எடுத்ததுடன், ஆட்டம் முழுவதிலும் ஒன்பது பேரை ஆட்டமிழக்கச் செய்தார். ரோய் டயஸ் 95 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா 244 உடன் நின்றது. இலங்கை மூன்று விக்கெட்டுகளுக்கு 206 எடுத்து ஆட்டத்தை நிறுத்தி, இந்தியாவை ஆட அழைத்தது. வேகப் பந்துவீச்சாளர் ருமேஷ் ரத்னாயக்க இரு முறையிலுமாக ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார். 11 ஆம் நாள் இந்தியா 198 ஓட்டங்களுக்குச் சாய்ந்தது. இலங்கை 149 ஓட்டங்களால் வென்றது.

இலங்கை ஆடிய பதினான்காவது டெஸ்ட் ஆட்டம் அது. முதலாவது வெற்றியும் அதுவே. அரசாங்கம் பொது விடுமுறை அறிவித்தது. நாடெங்கும் வெடி கொளுத்தினர். எந்த மண்ணிலே அவ்வெற்றி கிடைத்ததென்பதை அன்று ஆரவாரித்தவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ, யாம் அறியோம். ஆனால் நாம் எண்ணிப் பார்த்தல் தகும். தீயிட்டவர்களுக்குத் தமிழ் யூனியன் கூறிய மறுமொழி வசையுமன்று, வழக்குமன்று. நாட்டின் முதலாவது வெற்றிக்கு அது தன் களத்தை விரித்துக் கொடுத்தது. இதனினும் உயர்ந்த மறுமொழியை நாம் காணோம்.

பின்வந்த நாட்கள்

1986 இல் கொழும்பில் கேத்தாராம என்னுமிடத்தில் மிகப் பெரிய அரங்கொன்று திறக்கப்பட்டது. இன்று அது ஆர். பிரேமதாச அரங்கெனப்படும். எஸ்.எஸ்.சி. மைதானமும் முதன்மை பெற்றது. இரவை பகலாக்கும் மின்விளக்குகளும் பேரளவிலான இருக்கைகளும் உள்ள அரங்குகள் முன்னே வர, ஏறத்தாழ 15,000 பேரே அமரக்கூடிய ஓவல் பின்னே நின்றது. ஆயினும் அதன் கதை முடிந்துவிடவில்லை.

2006 ஆகஸ்ட் மாதம் தென்னாபிரிக்காவுக்கெதிரான ஆட்டத்தில் இலங்கைக்கு 352 என்ற கடினமான இலக்கு நின்றது. மகேல ஜயவர்தன 123 ஓட்டங்கள் எடுக்க, கடைசி விக்கெட் மாத்திரம் எஞ்சிய நிலையில் வெற்றி கிட்டியது. 2015 ஆகஸ்டில் குமார் சங்கக்கார தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை ஆடி விடைபெற்றதும் இவ்வரங்கிலேயே. 2017 மார்ச்சில் பங்களாதேஷ் தன் நூறாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கே ஆடி, நான்கு விக்கெட்டுகளால் இலங்கையை வென்றது. அதற்கு முந்திய மாதம் பெண்கள் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியின் இறுதி ஆட்டமும் இங்கேயே நடந்தது. இந்தியப் பெண்கள் தென்னாபிரிக்கப் பெண்களைக் கடைசிப் பந்தில் ஒரு விக்கெட்டால் வென்றனர். ஒருகாலத்தில் ஆடவர் ஆடப் பெண்கள் பார்த்திருந்த மைதானத்திலே, பெண்கள் ஆட உலகம் பார்த்தது. எமது ஊர்ச் சகோதரிகளின் தந்தையர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இச்சங்கத்துக்காக ஆடியவர்களுள் உலகப் புகழின் உச்சியைத் தொட்டவர் முத்தையா முரளிதரன். கண்டியில் 1972 இற் பிறந்து, புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற அவர், 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010 ஜூலையில் ஓய்வு பெற்றார். வேறெவரும் அவ்வெண்ணிக்கையை எட்டியதில்லை. மலையகத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை ஒருவர் நாட்டின் எல்லா இனத்தாருக்கும் உரியவராகியமை, அவருடைய சங்கத்தின் வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகின்றது பாருங்கள்!

எமது கரையோரத்துக்கு இதில் என்ன உண்டு?

புத்தளம் முதற் சிலாபம் வரை நீண்டு கிடக்கும் எமது கரையோரத்துக்கும் கொழும்பு ஓவலுக்கும் என்ன தொடர்பென்று வாசகர் கேட்கலாம். எமது மாவட்டத்துக்கும் அரங்குகள் இல்லாமலில்லை. வென்னப்புவையில் முன்னாட் சபாநாயகர் சேர் அல்பேட் பீரிசின் பெயரால் ஒரு விளையாட்டரங்கு உண்டு. ஆயினும் உடப்பு, முந்தல், கற்பிட்டி முதலிய ஊர்களின் வாலிபர் பலர்க்குக் கடற்கரை மணலே மைதானம். அங்கே உதைபந்தாட்டம் ஆடுவர். கரப்பந்தாட்ட வலை கட்டுவர். நிலாக் காலத்திற் கிளித்தட்டு மறிப்பர். கடலரிப்பு ஆண்டுதோறும் அம்மணலையும் தின்னுகின்றது. ஊருக்கென ஒரு வெளியைத் தேடுதலும், உள்ள வெளியைப் பேணுதலும் இன்று எம்மை எதிர்நோக்கும் கடமைகளாம்.

இதற்கு ஓவலின் வரலாறு மூன்று செய்திகளைத் தருகின்றது.

முதலாவது: மைதானத்தை அரசாங்கம் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் யூனியனைத் தொடங்கியவர்கள் வாலிபர்களே. அவர்கள் சங்கம் முதலிற் கண்டனர். மைதானம் பின்னர் வந்தது. எமது கரையோரத்தாருக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுமோ? கரைவலை இழுப்பதைப் பாருங்கள். அம்பாப் பாட்டின் தாளத்துக்கு எல்லாக் கைகளும் ஒருங்கே இழுத்தால் வலை கரை சேரும். ஒருவன் மாத்திரம் இழுத்தாற் கயிறு கையை அறுக்கும். சங்கமும் அவ்வாறே.

இரண்டாவது: சிறிய காரியங்களிற் கவனம் வேண்டும். சந்தாப் பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதுதல், கூட்டத்தின் குறிப்பைப் பேணுதல், ஆடுகளத்தை அளந்து கோடு கிழித்தல், விளையாட்டுப் பொருட்களை உலர்ந்த இடத்தில் வைத்தல் ஆகியவை எவரும் கைகொட்டாத வேலைகள். இரண்டு கெஜம் குறைந்த களத்தைப் பிராட்மன் வந்த நாளிலேதான் உலகம் கண்டது; குறை அதற்கு முன்னரே நேர்ந்துவிட்டது. எமது சங்கத்தின் பழைய குறிப்பேடுகள் எவர் வீட்டுப் பரணில் இருப்பினும், அவற்றை ஒன்று சேர்த்துப் பாதுகாத்தல் பெரியோர் உடனே செய்யத்தக்க பணியாகும். எரிந்த கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். எரிந்த ஏட்டை எழுப்ப முடியாது.

மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது: எமக்கென அமைத்த வெளியைப் பிறர்க்கும் திறந்து வைத்தல் வேண்டும். எமது மாவட்டம் இந்துக்களும், முஸ்லிம்களும், கத்தோலிக்கரும், பௌத்தரும் அயலவராய் வாழும் மாவட்டம். 1990 இல் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர், உடுத்த உடையோடு வந்து இறங்கியது இப்புத்தளக் கரையிலேயே. அவர்களை வெளியேற்றியவர்கள் தமிழ்ப் போராளிகள். 1983 இல் எமக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நினைக்கும் நாம், 1990 இல் அவர்களுக்கு இழைக்கப்பட்டதையும் நினைத்தல் அறமாகும். வீடிழந்தவனின் நோவை வீடிழந்தவனே அறிவான். அப்பிள்ளைகளின் பிள்ளைகளும் எமது பிள்ளைகளும் ஒரே பந்தின் பின்னால் ஓடக்கூடிய ஒரு வெளி இக்கரையோரத்தில் இருக்குமாயின், பெரியோர் பல கூட்டம் கூடியும் தீர்க்க முடியாதவற்றுள் சிலவற்றை அவ்வெளி தீர்த்து வைக்கும்.

'இந்து' என்னும் பெயரைத் தாங்கும் எமது சங்கத்துக்கு இது பொருந்துமோ என்று எவரேனும் ஐயுறலாம். 'தமிழ்' என்னும் பெயரைத் தாங்கிய சங்கம் ஒன்று, அப்பெயரை ஒருநாளும் மாற்றாமலே, நாட்டுக்கு முதலாவது டெஸ்ட் களத்தையும் முதலாவது டெஸ்ட் வெற்றியின் களத்தையும் அளித்திருக்கின்றது. பெயர் எமது வேரைக் காட்டுவது. நிழலோ வழிப்போக்கர் அனைவர்க்கும் உரியது. ஆலமரம் தன் நிழலில் வந்து அமர்பவனின் குலத்தைக் கேட்பதில்லை.

வாலிபர்களே! அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன், ஊரிலே பொதுவான ஒரு நிலத்தைத் தெரிவு செய்யுங்கள். முட்செடிகளை வெட்டிச் சிரமதானத்தாற் சமப்படுத்துங்கள். பெரியோர்களே! அவர்களுக்கு மண்வெட்டியும், மத்தியான வேளையில் ஒரு குவளை மோரும், வேண்டுமிடத்து அதிகாரிகளிடம் சொல்ல ஒரு வார்த்தையும் கொடுத்துதவுங்கள். அயலூர்ச் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் இளைஞர்க்கும் தேவாலய இளைஞர்க்கும் முதற் போட்டிக்கான அழைப்பை அனுப்புவோம். ஆட்டம் தொடங்குமுன் ஒரு வேலை உண்டு. அதனை எவரும் மறவற்க. நாடாவை எடுத்து, களத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.